யாஸ்மின் அக்காவின் திரைவாசிப்பான்

யாஸ்மின் அக்கா எங்கள் கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். அவருக்குப் பார்வை கிடையாது. லேப்டாப்பில் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் திரைவாசிப்பான்தான் பாடத்தை அவர் காதில் வாசிக்கும்.

போன வாரம் வகுப்பு நடுவே அது நின்றுபோனது. அதைச் சரிசெய்ய இன்று காலை உக்கடத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

அது நிற்கக் காரணமான பிழையை, அதை எழுதும் குழுவில் யாரோ ஏற்கெனவே சரிசெய்திருந்தார்கள், ஆனால் புதிய பதிப்பு இன்னும் வெளியாகவில்லை. அவர்கள் நிரலைச் சேமித்துவைக்கும் ‘கிட்’ களஞ்சியத்திலிருந்து மூலநிரலை இறக்கி, நாமே பில்டு செய்து ஓடும் மென்பொருளாக மாற்றினால்தான் உண்டு. இறக்கினேன். முதல் கட்டளைக்கே, ‘கான்ஃபிகர்’ என்ற கோப்பு இல்லை என்று வந்தது.

“ஏங்கண்ணு, தப்பா எறக்கிப்போட்டியா?”

“இல்லீங்க்கா, சரியாத்தானுங்க எறக்குனேன்.”

அந்த மென்பொருள் குழுவின் இணைய அரட்டையில் கேட்டேன். வெளியீட்டுப் பதிப்பில் மட்டும்தான் அந்தக் கோப்பு தயாராக இருக்கும், ‘கிட்’ களஞ்சியத்திலிருந்து எடுப்பவர்கள் முதலில் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டி அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும், ‘ரீட்மீ’ என்ற வழிகாட்டிக் கோப்பில் எழுதியிருக்கிறோமே என்று ஒருவர் பொறுமையாகப் பதில் போட்டார்.

நான் ரீட்மீயைத் திறக்கவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் பில்டு முடிந்தது. அக்கா அதே பாடத்தைத் திறந்தார். போன வாரம் நின்ற இடத்தைத் தாண்டி அது வாசித்துக்கொண்டே போனது.

“நாளைக்கு தைரியமா கிளாசுக்குப் போலாங்கண்ணு” என்றார் அக்கா.

பிறகு அது வாசிக்கும் வேகத்தைக் கூட்டினார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

“சரியாத்தான் படிக்குதுங்களாக்கா?”

“நல்லாப் படிக்குது. உனக்காவத்தான் மெதுவா வெச்சிருக்கேன்.”

இங்கே திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் ‘மெதுவாக’ எவ்வளவு வேகம்?