கழுவாத கை

உப்பண்ணன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். நாய் திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்வியது. பல் இறங்கவில்லை. ஒரு கணம் வைத்திருந்து, விட்டுவிட்டது. அதன் வாயில் தொங்கிய கொழுப்பு அவர் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினார். போகவில்லை.

கழிசல் குழியின் அந்தப் பக்கம் ஐந்து நாய்கள் எழுந்து நின்றன.

"விட்டுருங்க உப்பண்ணே," என்றான் மேலே நின்ற மூட்டைக்காரன். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். "பங்களா நாய்க்கு நம்ம விருந்து பிடிச்சுப்போச்சு. பாதிப் பந்தியில எழுப்பினா பாவம்."

"வாயை மூடிட்டு சாக்கைப் போடுடா."

சாக்கு விழுந்தது. முழங்கால்வரை அழுகலில் நின்றுகொண்டே நாயைச் சுருட்டி உள்ளே தள்ளினார். ஒரு காலத்தில் அது வெள்ளையாக இருந்ததால்தான் பஞ்சு என்று பெயர்.

தோல் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாக உப்புப் போடுகிறவர் அவர். லாரியில் வந்து இறங்கும் பச்சை மாட்டுத் தோலை விரித்து, உட்புறத்தில் கல்லுப்பை வீசி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கிலிருந்து சிவப்பு நீர் இரவு பகலாகக் கசியும். சுரண்டி எடுத்த கொழுப்பும் சதைத் துணுக்கும் பின்னாலிருக்கும் குழிக்குப் போகும். கையிலுள்ள வெடிப்புகளில் உப்பும் கொழுப்பும் ஏறி உட்கார்ந்துவிட்டன. எந்த சோப்பும் அவற்றை முழுதாக எடுத்ததில்லை.

மண்டியை ஒட்டிய லைன் வீட்டில்தான் குடும்பம் நடத்தினார். கல்யாணமான முதல் வாரம் அவர் மனைவி மண்டி நாற்றம் தாங்காமல் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அதன் பிறகு பதினைந்து வருஷம் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். கழுத்தெலும்பு குச்சி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் மகள் படிக்க வெளிநாடு கிளம்பினாள். அவளுடைய நாய் சமையல்காரியைக் கடித்தது, தோட்டக்காரனைத் துரத்தியது. ஏதோ வேலையாகப் பங்களாவுக்குப் போன உப்பண்ணனின் கையை மட்டும் நக்கு நக்கென்று நக்கியது.

"பஞ்சு யார்கிட்டயும் போகாதுண்ணே. உங்க கையை விடமாட்டேங்குது பாருங்க," என்று அவள் கண் கலங்கினாள்.

நாயைப் பார்த்துக்கொள்ள அவருக்குப் பங்களாவின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. டைல்ஸ் போட்ட தரை, இரண்டு ஜன்னல். மேனேஜர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "நாய் இருக்கிறவரைக்கும் ரூம். நாய் இல்லேன்னா பழையபடி லைனுக்கு."

அங்கே வந்த முதல் நாள் மனைவி இரண்டு கையும் தட்டில் இருக்கச் சாப்பிட்டாள். ஆறு மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே குந்தி அவர் கையை நீட்டுவார். பஞ்சு விரல் இடுக்கெல்லாம் நக்கும்.

"கழுவிட்டுத்தான் நீட்டுங்களேன். கண்றாவி."

"கழுவினா கிட்டயே வர மாட்டேங்குதுடி. அதுக்கு என் வாசனை வேணும்." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும். அவரைப் பார்த்து யாரும் அப்படி ஓடிவந்ததில்லை.

போன மாதம் நாய் மதிலுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியே போனது. முதலில் இரவில் திரும்பியது. பிறகு அதுவும் இல்லை. குழியில் மற்ற ஐந்தோடு சேர்ந்து கிடக்கிறது என்று மூட்டைக்காரன் சொன்னபோது அவர் நம்பவில்லை. போய்ப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து தின்றது. ஊரில் யாரோ மூன்றாம் மனிதனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய முதலாளி மகள் இன்று நாலு மணிக்கு நாயைப் பார்க்க வருகிறாள்.

அவரும் மனைவியும் சாக்கைக் குளியலறையில் கவிழ்த்தார்கள். ஏழு வாளித் தண்ணீர். கொழுப்பில் சிக்குப் பிடித்த மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். காது மடிப்பில் புழு நெளிந்தது. மனைவி குச்சியால் அதை எடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே. துவட்டும்போது நாய் முதுகை வளைத்து டைல்ஸ் தரையில் கக்கியது. மாட்டு மயிர்ச் சுருள், அதன் நடுவில் மாட்டுக் காதில் குத்துகிற மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. வில்லையில் எண் தெளிவாக இருந்தது.

அவர் தன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். மனைவி அவருக்கு வெளுத்த சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

முதலாளி மகள் வாசலிலேயே மண்டியிட்டாள். "பஞ்சூ!"

நாய் உறுமியது. மேலுதட்டைத் தூக்கிக் காட்டியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது பஞ்சு இல்ல."

"பஞ்சுதான் பாப்பா. கொஞ்சம் வெயில்ல..."

"எங்க நாயைத் தொலைச்சிட்டு எதையோ புடிச்சு வச்சிருக்கீங்க. பஞ்சுன்னா உங்க கையை விடாதே! கூப்பிடுங்க, பாக்கலாம்."

பின்னால் நின்ற மேனேஜர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

உப்பண்ணன் குந்தி, கையை நீட்டினார். நாய் வந்தது. முகர்ந்தது. தும்மிவிட்டுத் திரும்பிப் போனது. பின்சுவரில் அவருடைய வேலைத்துணி தொங்கியது. அதன் விளிம்பை வாயில் இழுத்துச் சப்ப ஆரம்பித்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம், ஒவ்வொரு சாயங்காலமும். குழியின் ருசியைக் கை நிறையக் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மனைவிக்கு அவரைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும் போல. நாய் வாயிலிருந்து துணியை உருவினாள். ஈரமும் சீழ் நிறமுமாக இருந்த அதை வெறுங்கையால் பிடித்து, அவர் உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தாள். மண்டியில் அவர் தோலுக்கு உப்புத் தேய்ப்பது மாதிரியே.

"வேணாம்டி."

"நீட்டுங்க."

நீட்டினார். நாய் பாய்ந்து வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக நக்கியது. நாக்கின் சூடு பட்டதும் அவருக்கு உடம்பு கூசியது. கையை எடுக்கவில்லை.

"ஐயே... பஞ்சுதான்," என்றாள் முதலாளி மகள். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "நீங்களே வச்சுக்கங்கண்ணே. வெளிய மட்டும் விட்டுராதீங்க." காருக்குப் போகும் வழியில் செடியோரம் இரண்டு தடவை துப்பினாள்.

மேனேஜர் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் உப்பண்ணன் எட்டு மணிக்கு மண்டிக்குப் போனார். எழுபது தோல் வந்திருந்தது. மதியம் இரும்புச் சங்கிலி ஒன்று வாங்கிப் போய் பஞ்சுவை அறையில் கட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் குழியோரம் நின்று, ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு கை கழிசலை அள்ளிக்கொண்டார். மூட்டைக்காரன் பார்த்துக்கொண்டே மூக்குத் துண்டை இறுக்கிக் கட்டினான். பங்களா மதிலுக்கு வெளியே ஐந்து நாய்கள் படுத்திருந்தன. அறைக்குள் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த பஞ்சு பையைப் பார்த்துத் துள்ளியது. அவர் பையை டைல்ஸ் தரையில் கவிழ்த்தார். மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், படியில் உட்கார்ந்து, இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.