குத்தரிசி ஏறிய மலை

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கிழமையே, என் கணவர் நான் மலையேறப் போடும் சப்பாத்தைப் பழைய உடுப்புகளோடு தருமத்துக்குக் கொடுக்கும் பைக்குள் போட்டுவிட்டார்.

"இனி உமக்கு மலையெல்லாம் ஏலாது. பார்க்கைச் சுத்தி நடந்தால் காணும்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சப்பாத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தேன். ஜோர்தான் பாலைவனத்தில் சிவந்த மலை ஒன்று இருக்கிறது. முன்பு இரண்டு தரம் ஏறியிருக்கிறேன். அதன் உச்சியில் நிற்கும்போது நான் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த மலை எனக்கு முடிந்துபோனதென்று இன்னொருவர் தீர்மானிக்க நான் விடுவேனா?

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் அடுக்குமாடியின் படிகளில் பயிற்சி தொடங்கியது. முதுகுப்பையில் முதலில் ஒரு கிலோ குத்தரிசிப் பொதி. கால் பழகப் பழகப் பொதிகளைக் கூட்டினேன். மேல்வீட்டுத் தமிழ்நாட்டுப் பெண் ஒருநாள் பதறிப்போய், "லிஃப்ட் ஓடலையா அக்கா? நான் கவுன்சிலுக்கு போன் பண்ணட்டுமா?" என்றாள்.

"லிஃப்ட் ஓடுது பிள்ளை. என்ரை முழங்கால்தான் இன்னும் பாஸாகேல்லை," என்றேன்.

கடைசியில் பாஸானது. ஜோர்தானுக்குக் கணவரும் கூட வந்தார், என்னைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமாம். அடிவாரக் கூடாரத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

பாதி மலையில் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியது. என்னோடு ஏறிய வழிகாட்டி பையைத் தரும்படி கையை நீட்டினார். கொடுக்கவில்லை. இறுதிப் பாறையைக் கையாலும் காலாலும் பிடித்து ஏறி உச்சியில் நிமிர்ந்து நின்றேன். ஏறிவிட்டேன்! தொண்டை கிழியக் கத்தினேன். வழிகாட்டி கைதட்டினார்.

பிஸ்கட் எடுக்கலாமென்று பைக்குள் கைவிட்டால், அடியில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுக்க மறந்த ஒரு பொதி குத்தரிசி! லண்டனிலிருந்து உச்சிவரை அதையும் சுமந்து வந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இறங்கியதும் வழிகாட்டியின் அடுப்பிலேயே அந்த அரிசியைச் சோறாக்கினேன். அவருடைய பருப்புக்கறியோடு கணவர் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"இஞ்சாரும், அடுத்தமுறை ஏறேக்கை ஒரு தேங்காயையும் காவிக்கொண்டு போம். சம்பல் இல்லாமல் என்ன சோறு?"