ஆமோஸ் மாமாவின் பனிவண்டி

சிப்போரா அத்தை குப்பைமேட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கணவர் ஆமோஸ் மாமா தெற்கே தண்டர் பே நகரில் இருந்தார். சிறுநீரகம் கெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். எங்கள் ஏரிக்கரை ஊரில் அந்த இயந்திரம் கிடையாது. விமானத்தில் போனவர் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது.

அவருடைய மஞ்சள் பனிவண்டி பழுதாகிக் குப்பைமேட்டில் நின்றது. எங்கள் ஊருக்கு அந்தக் குப்பைமேடுதான் உதிரிபாகக் கடை. வண்டியின் முன்மூடியைத் திறந்து போட்டிருந்தால் யாரும் வேண்டியதைக் கழற்றிக்கொள்ளலாம். கயிற்றால் கட்டியிருந்தால் சொந்தக்காரர் வருவார், தொடக்கூடாது. அத்தை ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாமாவின் வண்டிக்குப் புதுக் கயிறு கட்டி, தார்ப்பாய் போர்த்திவிட்டு வருவார்.

அத்தை வேலைக்குச் சேர்ந்த அந்த வருடம் தெற்கிலிருந்து டேரன் என்பவர் குப்பையைக் கையாளப் பயிற்சி கொடுக்க வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை எங்கள் பேச்சில் சொல்வது என் வேலை. ஏரிகள் உறைந்து அவற்றின்மேல் சாலை திறந்திருக்கும் சில வாரங்களில் சரக்கு கொண்டுவரும் லாரிகள் காலியாகத்தான் திரும்புகின்றன, அவற்றில் பழைய இரும்பை ஏற்றிவிடலாம் என்றார். அதற்குமுன் எண்ணெயை வடித்து, பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

மூடி கட்டிய வண்டிகளை நாங்கள் தொடவில்லை. செய்தி பரவி, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவிழ்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மஞ்சள் வண்டி மட்டும் மிஞ்சியது.

மாமாவின் தங்கை ஜெமைமா சித்தியும் பயிற்சியில் இருந்தார். "எங்கண்ணனுக்கு ஒருநாளாவது இப்படிப் போத்திவிட்டிருக்கியா அண்ணி?" என்றார்.

"உங்கண்ணன் குறட்டை விடுவாரு. இது விடாது" என்றார் அத்தை, கையுறையைக் கழற்றாமல்.

டேரன் குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் பனி கறுத்திருந்தது. அந்தச் சரிவில் பனி உருகினால் ஏரிக்குத்தான் போகும், தேநீருக்கு நாங்கள் தண்ணீர் மொள்ளும் பக்கம். யாருடைய வண்டி என்று கேட்டார். நான் கேள்வியைச் சொன்னேன். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். டேரன் புரிந்துகொண்டவர்போல் நகர்ந்துவிட்டார். அத்தை மட்டும் கறுத்த பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை நான் அவர் வீட்டில் இருக்கும்போதே மாமாவுக்குப் போன் போட்டார்.

"வண்டி ஒழுகுது."

"ரொம்பவா?"

"ஏரிப் பக்கமா போகுது." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது அங்க நிக்கிற வரைக்கும் நீ வருவேன்னு இருந்துச்சு. அதையும் அனுப்பிட்டா நான் எதப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

மாமா இருமுவது கேட்டது. "வர்றேன்னு உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். எந்த லாரின்னு சொல்லு. இங்கதான வரும்? நான் போய்ப் பாக்குறேன்."

மறுநாள் முடிச்சு உறைந்து இறுகிக் கிடந்தது. அத்தை கையுறையைக் கழற்றி, வெறுங்கையில் பொத்தி இளக்கினார். எண்ணெயை அவரே வடித்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. வடித்து முடிந்ததும் மூடியை மறுபடி கயிற்றால் கட்டி, தார்ப்பாயையும் பழையபடி போர்த்தினார். காற்றுக்குத் திறக்காமல் இருக்கட்டும் என்று கட்டுவதாக லாரிக்காரர் நினைத்துக்கொண்டார்.

மாமாவின் போன் டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் வந்தது. பஸ் பிடித்துப் பழைய இரும்புக் கிடங்குக்குப் போயிருக்கிறார். இறக்கி வைத்திருந்த இடத்துக்கு உள்ளே விட்டார்களாம்.

"தார்ப்பாய்க்குக் கீழ, சீட்டு மேல பனி இருந்துச்சு" என்றார். "நம்ம ஊர்ப் பனி."

"என்ன பண்ணின?"

"கையில எடுத்துக்கிட்டேன். பஸ் வர்றதுக்குள்ள கரைஞ்சிருச்சு."

பிறகு மாமாவே கேட்டார்.

"நம்ம ஊர்லேர்ந்து அடுத்த லாரி எப்போ கிளம்புது?"