வாங்காமல் வந்த கேமரா

என் மாமியார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எந்தப் பொருளும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. சட்டை, கிலுகிலுப்பை, பவுடர் டப்பா, எதுவுமே கூடாது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். நான் பிறந்த திருப்பத்தூரிலும் இதேதான். ஆனால் நான் வேலைக்காகப் பெங்களூர் வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சட்டத்தில் ஓட்டை தேடும் வாயை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

"கேமரா கொழந்தைக்கு இல்லையே அத்த. நமக்குத்தானே," என்றேன்.

"யார எடுக்கறதுக்கும்மா வாங்கறீங்க?" என்று கேட்டார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

"பொறக்கட்டும். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா கடைக்கே போவட்டும் உம் புருஷன். வேணாம்னா சொல்றேன்?"

வாங்கத்தான் கூடாது, பார்க்கலாம். அதுதான் நான் கண்டுபிடித்த ஓட்டை. ஏழு மாத வயிற்றோடு கணவரை இழுத்துக்கொண்டு பிரேசர் டவுனில் ஒரு கேமரா கடைக்குப் போனேன்.

எனக்கு ஏன் அந்த வெறி என்று அவர் கேட்டிருக்கிறார். போனிலேயே நல்ல கேமரா இருக்கும்போது கழுத்தில் ஒரு பாரத்தை எதற்குத் தொங்கவிட வேண்டும்? நான் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு கல்யாணக் கூட்டத்தில் யாரோ எடுத்தது. அதில் என் முகம் கடுகளவு, அதுவும் ஆட்டத்தில் கலங்கிப் போயிருக்கும். இதுதான் நீ என்று அம்மா விரல் வைத்துக் காட்டினால்தான் தெரியும். என் குழந்தைக்கு அப்படி ஆகக் கூடாது. அதன் முகம் கண்ணிமை முதல் தெளிவாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சாஃப்ட்வேரில் டெஸ்டர், அதாவது குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். அவரைப் படாத பாடு படுத்தினேன். மெகாபிக்சல் எவ்வளவு என்று கேட்கும் ரகம் இல்லை நான். வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வருமா, பச்சைக் குழந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்காமல் எடுக்க முடியுமா, ஷட்டர் சத்தத்தில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டேன். கேமராவை என் காதில் வைத்துக் கிளிக் செய்து பார்த்தேன். என் கணவர் தெருவில் போகும் ஆட்டோக்களை எண்ணுகிறவர்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லாம் மிரர்லெஸ்னுதான் மேடம் கேக்கறாங்க. ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த டி.எஸ்.எல்.ஆரே போதும். கையில புடிச்சா ஒரு தெகிரியம் வரும்," என்றார் பாய். பிறகு சின்னதாக ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸை மாட்டிக் கொடுத்தார். அதில் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். பின்னால் இருந்த அலமாரியெல்லாம் கரைந்துபோய், அவர் மட்டும் நின்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதர் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. சொன்னேன். வெட்கப்பட்டார்.

அப்புறம்தான் எனக்கு வீட்டின் அளவு நினைவுக்கு வந்தது. எங்கள் அறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் புடவையில் ஏணை கட்டினால், மீதி இருப்பது ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம். இந்த லென்ஸோ எல்லாவற்றையும் கிட்டத்தில் இழுத்துக் காட்டுகிறது. முழு ஏணையும் படத்தில் விழ வேண்டுமென்றால் நான் சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு சமையலறையில் போய் நிற்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "ரூம் சைஸ் சொல்லி லென்ஸ் கேட்ட மொத கஸ்டமர் நீங்கதான்," என்று முப்பத்தைந்து எம்.எம். ஒன்றை எடுத்து வந்தார். கடையின் ஓரத்தில், எங்கள் அறை அகலத்துக்கு நின்றுகொண்டு, கவுன்டர் மேல் இருந்த தலையணை போன்ற ஒரு பையைப் படம் எடுத்துப் பார்த்தேன். பொருந்தியது. பையின் ஜிப்பில் இருந்த ஒவ்வொரு பல்லும் தெரிந்தது.

முடிவு செய்துவிட்டோம். அட்வான்ஸ் கொடுங்கள், எடுத்து வைக்கிறேன் என்றார் பாய். என் கணவர் என்னைப் பார்த்தார். அட்வான்ஸ் கொடுத்தாலும் வாங்கிய மாதிரிதானே? ஓட்டை தேடுகிற நானே அங்கே பயந்துவிட்டேன். "டெலிவரி ஆனதும் இவரு வருவாரு பாய்," என்றேன். "வாங்க, வாங்க. மொத படம் எனக்குக் காட்டணும்," என்றார் அவர்.

ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் அசைவு இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன், இடது பக்கமாகப் படுத்தேன், வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பெண் குழந்தை. நான் பார்க்கவில்லை. என்னிடம் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று என் அம்மாவும் மாமியாரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நான் மயக்கத்திலிருந்து தெளிவதற்குள் என் கணவரும் அவருடைய அண்ணனும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த வராந்தாவில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தது. எல்லாரும் யாருக்கோ அழுதுகொண்டே தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை. அப்படி எடுப்பது நம்மிடையே வழக்கமும் இல்லை. யார்மீதும் குற்றமில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனாலும், மறக்க முடியாது என்றார்களே, மறக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு முகம்கூட இல்லையே.

எப்படி இருந்தாள் என்று கணவரிடம் கேட்டேன். முதலில் "விடும்மா" என்றார். பிறகு கேட்டபோதெல்லாம் பால் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் நிறையப் பால் திரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு சனிக்கிழமை, அந்தக் கேமராவை வாங்கப் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீம்புதான். இனிமேல் எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தால் என்ன? கண் படுவதற்கு என்ன இருக்கிறது? மாமியார் வாசலில் கிடந்த முறத்தை எடுத்து வழிவிட்டார். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

பாய்க்கு எங்களை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"ரூம் சைஸ் மேடம்," என்று எழுந்தே விட்டார். "இவ்ளோ லேட்டா வரீங்களே. பாப்பாவா, பையனா?"

எனக்குக் கதவைத் திறந்து வெளியே ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

"பாப்பா," என்றார் என் கணவர்.

"மாஷா அல்லா. யாரு ஜாடை?"

கணவர் பேச்சை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கவுன்டர் கண்ணாடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கைகளுக்கு நடுவில் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூக்கு எங்க அம்மாது பாய். நல்லா உருண்டையா. வாய் இவங்களுது, அப்படியே. கீழ் உதடு கொஞ்சம் முன்னால வந்து, கோவிச்சுக்கிட்ட மாதிரி இருப்பா. முடி நெறைய. நெத்தி பூரா முடி."

"கலரு?"

"இவங்க கலரு. வெரலு மட்டும் என்னுது. நீள நீளமா."

"அழுது ராத்திரில தூங்க விடறாளா?"

"இல்ல பாய். அழவே மாட்டா."

"குடுத்து வெச்சவங்க நீங்க," என்று பாய் சிரித்துக்கொண்டே எங்கள் கேமராவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கைகள் கண்ணாடிமேல் அதே இடைவெளியில் அப்படியே இருந்தன. எனக்கு அந்தக் கேமரா வேண்டாமென்று ஆகிவிட்டது. பாய் திரும்பி வந்து என் மகளைப் பற்றி இன்னும் ஏதாவது கேட்க மாட்டாரா என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.