இருட்டில் ஐந்து விநாடி

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவள் வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஸ்வெட்டர் பின்னும் இயந்திரத்தில் நானூறு ஊசிகள். அதில் ஒன்று வளைந்தால் போதும், மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, "இடது பக்கம், கடைசியிலேர்ந்து பதினொண்ணாவது" என்பாள். போய்ப் பார்த்தால் பதினொன்றாவதுதான். ஒருமுறை தங்கை வீட்டிலிருந்து போனில் பேசும்போது, இந்தப் பக்கம் பின்னணியில் ஓடிய சத்தத்தைக் கேட்டே, "நூல் அறுந்திருக்கு, போய் நிறுத்துங்க" என்று கணவரை விரட்டியவள். ஒரு நாள் அவள் பதினொன்று என்று சொன்னது பன்னிரண்டாக இருந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியவர் கணவர் என்பதால் தெருவில் யாரும் நம்புவதில்லை.

ஆடைக் கம்பெனியில் இருபது வருடம் அதே இயந்திரத்தை ஓட்டினாள். கம்பெனி மூடியபோது மற்றவர்கள் மின்விசிறி, சுவர்க் கடிகாரம் என்று கையில் தூக்கிப்போகிற சாமானாக வாங்கினார்கள். இவள் இதை வாங்கினாள். கதவில் நுழையாமல் ஜன்னலைப் பெயர்த்து இறக்கினார்கள். இறங்கிய அதிர்ச்சியில் பக்கத்து வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் குதித்தது. இன்றுவரை அந்த வீட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்கிறார்கள்.

இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. எந்த வரிசையில் எந்த நிறம் என்று ஊசிகளுக்குச் சொல்வது அதுதான். நல்ல வயசாகிவிட்டது. ஆன் செய்துவிட்டுப் போய்ப் பாலைக் காய்ச்சி, ஆற்றி, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். அதன் திரையோ பின்பக்கம் துணி ஊறவைக்கும் அண்டா மாதிரி பெருத்த பழைய திரை. வெளிச்சம் வரவே இருபது விநாடி பிடிக்கும்.

இவையெல்லாம் ஒரே ஸ்விட்சில் ஓடின. கம்ப்யூட்டர், திரை, இயந்திரம், மேலே தொங்கும் விளக்கு, எல்லாம். அது கணவர் சட்டம். முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். "தனித்தனியா போட்டா தனித்தனியா மறப்பீங்க" என்று அவரே வயர் இழுத்து முடித்துவிட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் மாப்பிள்ளை நல்லது செய்தார்.

மாப்பிள்ளை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் பற்றி வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவர். வீடியோ எங்கே முடிகிறதோ அங்கே அவர் அறிவும் முடியும். மாமியார் பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து, அவள் மகளோடு கடைக்குப் போன நேரம் பார்த்து, கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் போட்டுவிட்டார். வந்து பார்த்தால் திரையில் ஒரு மலை, ஒரு ஏரி, ஏரியில் ஒரு படகு.

"அழகா இருக்கு மாப்பிள்ளை. நம்ம பழசு எங்க?"

"அழிக்கல அத்தை. அதே ஹார்ட் டிஸ்க்லதான் ஒரு ஓரமா குடியிருக்கு. ஆன் பண்ணதும் எது வேணும்னு கேட்டு ஒரு மெனு வரும். அஞ்சு விநாடி நிக்கும். பழசு வேணும்னா கீழ் அம்புக்குறியில ஒரு தட்டு, என்டர்ல ஒரு தட்டு. சும்மா இருந்தா புதுசு வந்துடும்."

புதுசு வந்தது. புதுசு மட்டும்தான் வந்தது. இயந்திரத்தின் தடித்த கேபிளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழசைத் திறக்கலாம் என்றால் அந்த மெனு தலைகாட்டவே இல்லை.

மாப்பிள்ளை திரையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் திரையில் மாட்டினார். மெனு வந்தது, அம்புக்குறி, என்டர், பழசும் வந்தது. திருப்பிக் கொண்டுவந்து மாமியார் வீட்டில் வைத்தால் மலை, ஏரி, படகு. மூன்று தடவை போய் வந்தாயிற்று. அங்கே தங்கமாக நடக்கிறது, இங்கே முகம் திருப்பிக்கொள்கிறது.

"நம்ம வீட்டு கரன்ட்டுக்கு வயசாயிடுச்சு" என்றார் கணவர்.

"அப்பா பக்கத்துல நின்னா அதுக்கு வெக்கம்" என்றாள் மகள்.

"நெஜமாவே வந்துச்சு அத்தை" என்று மாப்பிள்ளை தரையிடம் சொன்னார். அதற்குப் பிறகு மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை கேட்பதை விட்டுவிட்டார். மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? அவருக்குச் சேரவேண்டியதெல்லாம் மூன்று வாரமாகக் கணவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

இயந்திரத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி தொங்கிக்கொண்டிருந்தது. மழலைப் பள்ளி டீச்சர் ஒருத்தி தனக்காகச் சொல்லியிருந்த ஸ்வெட்டர். நான்கு கால், வயிறு, பாதிக் கழுத்து. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசையோடு நின்றுவிட்டது. தலை இல்லை. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்தக் கழுத்து ஊசியக்காவை ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் கணவர் வாயைத் திறந்தார். "ஓடாத இரும்பு பாதி வீட்டை முழுங்கிட்டு நிக்குது. நான் இந்த ரூம்ல காலை நீட்டி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? வியாழக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் லாரியோட வரார். அதுக்குள்ள ஓடிச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா போகட்டும்."

ஊசியக்காவின் வாய் சரி என்றது. உடம்பில் வேறு எதுவும் சரி என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரும்புக்காரர் மூன்றரைக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வந்தாரோ என்னவோ. மீசை மட்டுமே ஒரு கிலோ தேறும் மனிதர். இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றினார், கதவை முழம் போட்டார்.

"இது எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"ஜன்னலைப் பேத்து வந்துச்சுண்ணே."

"அப்ப மறுபடியும் பேக்கணும்." ஸ்டூலில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். "அது என்ன, கழுதையா?"

"ஒட்டகச்சிவிங்கி."

"தலையைக் காணோமே?"

"அதைத்தாங்க மூணு வாரமா தேடறோம்" என்றார் அரைநாள் லீவு போட்டு வந்து மூலையில் நின்ற மாப்பிள்ளை.

"கடைசியா ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன்" என்று சொல்லி ஊசியக்கா ஸ்விட்சை அழுத்தினாள். கணவர், மாப்பிள்ளை, இரும்புக்காரர் மூன்று பேரும் கறுத்த திரையையே பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. இன்னொரு தடவை அந்தப் படகைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு வேலை இல்லாததால் காது தன் வேலையைப் பார்த்தது.

பீப். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கின் கரகர. அப்புறம் கரகர நின்றது. ஊசியக்காவின் கட்டைவிரல் தன்பாட்டுக்கு மற்ற விரல்களைத் தொட்டு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடியும் கரகர. அதற்கப்புறம்தான் திரை மெல்ல வெளுத்து, மலை, ஏரி, படகு.

இயந்திரங்களின் நடுவிலேயே வாழ்ந்தவளுக்கு ஒன்று தெரியும். கெட்டுப்போய் நிற்கிற நிறுத்தம் வேறு, யாருக்காகவோ காத்து நிற்கிற நிறுத்தம் வேறு. அந்த ஐந்து விநாடி இரண்டாவது ரகம்.

"மாப்பிள்ளை, அந்த மெனு எவ்வளவு நேரம் நிக்கும்னீங்க?"

"அஞ்சு விநாடி அத்தை."

"உங்க வீட்டுத் திரைக்குத் தனி ஸ்விட்சா?"

"ஆமா, அது எப்பவும் எரிஞ்சிட்டேதான் இருக்கும்."

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரில் இருந்த ஸ்விட்சைப் பார்த்தார். முப்பது வருடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவர், இப்போது தான் எப்படி வெளியேறுவது என்று தெரியாமல் நின்றார்.

"மெனு தினம் தவறாம வந்திருக்கு" என்றாள் ஊசியக்கா. "பெட்டியும் திரையும் ஒண்ணா முழிச்சா, திரை கண்ணைக் கசக்கி முடிக்கறதுக்குள்ள அது வந்து நின்னு, கேட்டுட்டுப் போயிடுது. யாரும் பதில் சொல்லல."

எல்லாவற்றையும் முறையாக நிறுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். "யாரும் பேசக் கூடாது. அண்ணே, டீயை உறிஞ்சாதீங்க."

மீசை டம்ளரோடு அப்படியே நின்றது.

பீப். கரகர. நிறுத்தம். திரை இன்னும் கும்மிருட்டு. அந்த இருட்டில் கீழ் அம்புக்குறியில் ஒரு தட்டு, என்டரில் ஒரு தட்டு.

கரகர மறுபடி கிளம்பியது. ஆனால் இது வேறு கரகர. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற, முனகல் கலந்த, பால் காய்ச்சி ஆற்றுகிற அளவுக்கு நீளும் கரகர. திரையில் எதுவும் தெரியும் முன்பே ஊசியக்கா சிரித்துவிட்டாள். திரை வெளுத்தபோது மலையும் இல்லை, படகும் இல்லை. அந்தப் பழைய சாம்பல் நிறம், நடுவில் அவள் பின்னல் புரோகிராம்.

மாப்பிள்ளை மாமாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். மாமாவுக்கு வேறு வழியில்லை.

நின்ற வரிசை '212' என்று அடித்து ஓட்டினாள். நானூறு ஊசிகளும் ஒன்றாகத் தலைநிமிர்ந்தன. ஜன்னல் கண்ணாடி பழையபடி கிடுகிடுத்தது. வரிசை வரிசையாகக் கழுத்து வளர்ந்தது, தாடை வந்தது, ஒரு கண் வந்தது.

"கொம்பு வருமாம்மா?" இரும்புக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் முப்பது வரிசை இருக்குண்ணே."

"லாரி நிக்கட்டும்."

காது வந்தது. கொம்பும் வந்தது. வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஊசியக்கா சுற்றுமுற்றும் பார்த்து, கணவர் ஒரே ஒரு நாள் மிதித்துவிட்டுச் சட்டை தொங்கப்போட்டிருந்த உடற்பயிற்சி சைக்கிளைக் காட்டினாள். கணவர் மறுப்பதற்குள் அது லாரியில் ஏறிவிட்டது. அது நின்ற இடத்தில் அவர் காலை நீட்டிப் பார்த்தார். தாராளமாக நீண்டது. போகும்போது இரும்புக்காரர் தன் லாரிப் படம் போட்ட ஒரு குல்லாய் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மீசைக்கும் சேர்த்து அளவு கொடுத்துப் போனார்.

அன்று மாப்பிள்ளை மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, "அத்தை, திரைக்குத் தனி ஸ்விட்ச் போட்டுடலாம். இல்லன்னா பழசே தானா வர மாதிரி வைக்க வழி இருக்காம், இனிமேதான் வீடியோ பாக்கணும்" என்றார்.

"வேண்டவே வேண்டாம் மாப்பிள்ளை" என்றாள் ஊசியக்கா. "நீங்க ஒண்ணுமே செய்யாம இருங்க. அது கேக்குது, நான் பதில் சொல்றேன். எங்களுக்குள்ள நல்லாத்தான் போகுது."

இன்றும் அந்த வீட்டில் ஒரே ஸ்விட்ச்தான். தினமும் காலையில் அவள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூல்கண்டைச் செருகுவாள். பீப் கேட்கும், கரகர நிற்கும். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி இரண்டு தட்டு தட்டிவிட்டு, பாலைக் காய்ச்சப் போவாள்.