பாட்டு முடிஞ்சா செட்டை நிறுத்துங்க சாமி!

ஸ்டீரியோ செட் ரிப்பேர் செய்கிறவனுக்குப் பாட்டு ஓடுகிற நேரத்தில் ஒரு தொல்லையும் இல்லை. பாட்டு முடிந்து வீட்டுக்காரர்கள் எழுந்து போகும்போது செட்டை எந்த நிலையில் விட்டுப் போகிறார்கள் என்பதில்தான் அவனுடைய பாதி ஆயுள் கரைகிறது.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நாமக்கல்லில் கடை வைத்திருந்தேன். ஆம்ப்ளிஃபயர், டேப் டெக், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி என்று செட்டாக நானே பூட்டிக் கொடுப்பேன். வாங்குகிற எல்லோருக்கும் ஒரே பாடம்தான். பாட்டு முடிந்தால் சத்தத்தைக் குறையுங்கள், கேசட்டை வெளியே எடுங்கள், சுவிட்சை நிறுத்துங்கள், சூடு ஆறின பிறகு தூசி படாமல் மூடி வையுங்கள். இதில் புரியாதது என்ன இருக்கிறது? மிக்ஸி, டிவி, மோட்டார் என்று ரிப்பேர் கடை போட்டு வயிறெரிந்த என் சகோதரர்களே, நீங்களே சொல்லுங்கள். முன்னால் சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, 'மூடி வையுங்கள்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போகிற ஜனங்களை என்ன செய்வது?

சீரோடு போன செட்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் பயிரிடுகிற பொன்னுசாமி, மகள் சாந்தாமணியின் கல்யாணச் சீருக்கென்று ஒரு செட் செய்யச் சொன்னார். பெண்ணைக் கொடுப்பது பரமத்தி வேலூரில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வீட்டில். பீரோவும் கட்டிலும் எவன் வேண்டுமானாலும் கொடுப்பான், ஸ்டீரியோ செட் கொடுத்த சம்பந்தி என்று அந்த ஊரில் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை.

செட்டை எடுக்க அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். "ஏனுங்ணா, சூட்டோட மூடினா என்னாகுமுங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். என் கடையில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. "உள்ளே புழுங்கி வெந்து போகும் அம்மிணி" என்றேன். அப்பாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. செட்டின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "என்ற பொண்ணு போற ஊட்டுல நாலு பேரு முன்னால இது பாடோணும் சாமி. எனக்கு அது போதும்."

கரண்டு நிறுத்திய பாட்டு

லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர். ஒரு நாள் காலையில் வீட்டில் முழுச் சத்தத்தில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பாட்டு நின்றதும் ஆளாளுக்கு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். செட் என்று ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்களுக்கு அங்கே இடம் பற்றாமல் நம் ஆள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. காலையில் விட்ட இடத்திலிருந்து, காலையில் வைத்த அதே சத்தத்தில், ஒரு ஆட்டப் பாட்டு வெடித்துக் கிளம்பியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திகைத்துப்போய் நிறுத்திவிட்டார்களாம். மறுநாள் அவர் என் கடைக்கு வந்து குதித்தார். செட்டில் கோளாறாம், அதுவாகப் பாடுகிறதாம். கரண்ட் போனால் நீங்கள் சுவிட்சை நிறுத்த வேண்டாமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "நான் எதுக்குங்க நிறுத்தோணும்? அதான் கரண்டுக்காரனே நிறுத்திப்போட்டானே!"

பூவும் விளக்கும்

சாந்தாமணியின் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்திலேயே பரமத்தி வேலூரிலிருந்து ஆள் வந்தது, செட் பாடவில்லை என்று. பஸ் பிடித்துப் போனேன். முன்னறையில் ஸ்டூல் மேல், கருநீல வெல்வெட் போர்வைக்குள் செட் இருந்தது. சாந்தாமணியின் மாமியார் தன் கையால் தைத்தது. நான்கு பக்கமும் ஜரிகை, முன்பக்கம் ஒரு தாமரை. அந்தத் தாமரையின் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, செட்டின் சிவப்பு விளக்கு அது வழியாகத் தெரிகிற மாதிரி தைத்திருந்தார். தெருவில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்து மெச்சுவார்களாம். வேலை என்னவோ அழகுதான், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் விளக்கு எரிய வேண்டும் என்றால் செட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே! பாட்டு முடிந்ததும் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, சுவிட்சை நிறுத்தாமலே போர்த்தியிருக்கிறார்கள். பகலெல்லாம் அது உள்ளே புழுங்கி, ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் கருகிவிட்டது. மாற்றிப் போட்டேன். இந்தப் போர்வையைக் கொளுத்துங்கள் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, பாட்டு இல்லாதபோது சுவிட்சை நிறுத்துங்கள் என்று கைகூப்பிச் சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அதெப்படி தம்பி? பூவுக்கு நடுவால வெளக்கு எரிஞ்சாத்தானுங்க லட்சணம்."

நியூட்ரல்

பள்ளிபாளையத்து லாரி டிரைவர் ஒருவருக்குப் பாட்டைப் பாதியில் நிறுத்துவது பிடிக்காது. அதனால் நிறுத்தவே மாட்டார். டெக்கில் பாட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கிற 'பாஸ்' பட்டனை அழுத்திவிட்டு லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விடுவார். திரும்பி வந்து பட்டனை எடுத்துவிட்டால் விட்ட வரியிலிருந்தே பாட்டு தொடருமாம். அவர் பம்பாய் போய் வருகிற வரைக்கும் டெக்கின் மோட்டார் இங்கே சும்மா சுற்றிக்கொண்டே கிடக்கும். பெல்ட் தேய்ந்து இழைந்து, பாட்டுக்குக் குளிர் ஜுரம் வந்த பிறகுதான் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்.

லாரிக்காரருக்கு லாரி பாஷையில் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். "வண்டியை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் விட்டுவிட்டு வீட்டில் போய்த் தூங்குவீங்களா?" என்றேன். அவர் பதறிவிட்டார். "ஐயையோ, டீசல் ஆகுமுங்களே! இது வெறும் கரண்டுதானுங்க?"

சந்தனப் பொட்டு

ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் ரெக்கார்டு பிளேயரும் வாங்கியிருந்தார். ஆயுத பூஜைக்கு ஆலை மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு, செட்டுக்கும் வைத்தார். எங்கே வைத்தார் என்கிறீர்கள்? ஸ்பீக்கரின் வலையைக் கழற்றி, உள்ளே இருக்கிற காகிதக் கூம்பின் நட்ட நடுவில்! குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். பிளேயரின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி மேல் சூடம் வேறு ஏற்றியிருந்தார். மூடி உருகிப் பள்ளமாகிவிட்டது.

சரி, பூஜை முடிந்ததும் துடைத்தாரா என்றால், அதுவும் இல்லை. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதாம். பாடுகிற நேரத்தைவிடச் சும்மா இருக்கிற நேரம் அதிகம் என்பதால் சந்தனம் நன்றாகக் காய்ந்து, கூம்பை இழுத்துப் பிடித்து, பாட்டு கரகரவென்று வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என்னிடம் நியாயம் கேட்டார்: "ஆலையில அத்தன மிசினும் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் ஓடுது. உங்க செட்டுக்கு மட்டும் என்னங்க கேடு?"

தூக்கிக்கொண்டு போகட்டும்

வேலூர் செட் மறுபடியும் கருகியது. அதே போர்வை, அதே தாமரை, அதே விளக்கு. இந்த முறை என்னால் பொறுக்க முடியவில்லை. "அடுப்பில் வைத்து மூடின மாதிரி மூடினால் எந்தச் செட்டும் சாகத்தான் சாகும்!" என்று கூடத்தில் நின்று கத்திவிட்டேன். மாமியாரின் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவர் ஓரமாக நின்ற மருமகளைப் பார்த்துத்தான் பேசினார்.

சாந்தாமணிக்கு அப்போது மாதம் ஏறியிருந்தது. கொஞ்ச நாளில் கட்டுச்சோறு விருந்து. பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற நாள். அந்தக் கூட்டத்தின் நடுவில் பொன்னுசாமி கெட்டுப்போன சீரைத் தோளில் சுமந்துகொண்டு படியிறங்கினால் அதைவிட அவமானம் அவருக்கு வேறு இல்லை. மாமனார் பேசியதைக் கேட்டு அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. செய்தது இவர்கள், பழி நாமகிரிப்பேட்டைக்காரருக்கு! பல்லைக் கடித்துக்கொண்டு செட்டைச் சரி செய்தேன். மாமனார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னொருக்கா இது வாய மூடுச்சுன்னா, விருந்தன்னைக்கு உன்ற அப்பன் உன்னையக் கூட்டிக்கிட்டுப் போறப்ப இந்தப் பொட்டியவும் தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

கம்பி வழியாக

விருந்துக்குப் பொன்னுசாமி என்னையும் அழைத்திருந்தார். சட்டைப் பையில் புது டிரான்சிஸ்டர்களைப் போட்டுக்கொண்டுதான் போனேன். கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது போர்வை. தாமரையின் நடுவில் சிவப்பாக அதே மினுமினுப்பு. ஓடிப்போய்ப் பின்பக்கம் கையை விட்டால் செட் ஜில்லென்று இருக்கிறது. பிளக் கழற்றி, ஒயர் சுருட்டி வைத்திருக்கிறது. அப்புறம்தான் முன்பக்கம் வந்து பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கண்ணாடிப் பொத்தான்!

மாமியார் பெருமையோடு போர்வையை எடுத்து, பிளக்கைச் சொருகி, பாட்டுப் போட்டார். கணீரென்று பாடியது. மாமனார் எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்பந்தி குடுத்த பொட்டி. தொண்டையப் பாத்தீங்களா!" என்றார். பொன்னுசாமி துண்டால் வியர்வையைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தார்.

ஆனாலும் மாமியாரிடம் கேட்காமல் இருக்க முடியுமா? நான் காலில் விழாத குறையாகச் சொன்னபோது நிறுத்தாதவர்கள் இப்போது எப்படி நிறுத்துகிறார்கள்? பொத்தானை மருமகள் தைத்தாளாம். பிளக்கைக் கழற்றி வைப்பதும், அவள் ஊர் ஜோசியர் சொன்னதாக அவள் வந்து சொன்னதுதானாம். நான் திரும்பிப் பார்த்தேன். சாந்தாமணி கன்னத்தில் சந்தனத்தோடு, பாட்டில் லயித்துப்போனவள் மாதிரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் என் பக்கம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்: "கண்ணு படறது கரண்டுக் கம்பி வழியாத்தானுங்க வருது. உருவிப்போட்டுத்தான் போத்தோணும். இதுகூடத் தெரியாம நீங்க என்ன ரிப்பேரு பாக்கறீங்க?"

அன்றிலிருந்து என் கடையில் செட் வாங்குகிற எல்லோருக்கும் சூடு, காற்றோட்டம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, கம்பி வழியாகக் கண் வரும் சாமி என்று நானும் கூசாமல் சொல்லி அனுப்பினேன். ஒரு செட்கூடக் கருகித் திரும்பி வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வயிற்றெரிச்சல்.