ஒழுகாத ஜாயிண்ட்

என் கைபட்ட ஜாயிண்ட் ஒழுகாது. இதைச் சொல்லிச் சொல்லியே பல வருஷம் பிழைத்தேன். ஜவ்வாது மலையில் குழாய் பிட்டராக இருந்த காலத்தில், வேறொருவன் போட்ட இணைப்பில் ஒரு சொட்டு நின்றாலும் போதும், ஆள் எதிரில் இல்லாவிட்டாலும் அவனை வாய் வலிக்கத் திட்டுவேன். வாய்க்கொழுப்பு என்பாள் என் மனைவி. அது எனக்கு உறைத்தது ஒரு மீன் தொட்டியால்தான்.

எழுபதுகளின் கடைசி. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு வீடு கட்டியிருந்தார். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. கீழே தோல் பதனிடும் ஷாப்பு நாற்றமும் புழுதியும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த அம்மாவால் சேர்ந்தாற்போல் நாலு அடி நடக்க முடியாது. உட்கார்ந்த இடத்தில் பொழுது போகட்டும் என்று பாய் முன்னறையில் ஆறடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி கட்டினார். மூன்று பக்கம் சிமெண்ட், முன்பக்கம் தடிக் கண்ணாடி. ஓடைத் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டிக்கு வந்து, இரும்புக் குழாயில் இறங்கி மீன் தொட்டியில் விழும். மிச்சம் தோட்டத்துக்குப் போகும். உள்ளே பதினோரு தங்கமீன்கள், எல்லாம் மெட்ராஸிலிருந்து வந்தவை.

வீட்டைப் பார்த்துக்கொண்டவள் நெல்லிவாசல்நாட்டுப் பெண். புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் வந்து, அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள். பாய் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறையும் மாதச் சம்பளமும் கிடைத்த பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். அந்த அறையை விட்டால் மறுபடி அண்ணிக்காரியின் அடுப்படிதான். மீனுக்கு இரை போடுவதும் அவள் வேலை. அம்மா நாற்காலியில் இருப்பார், இவள் காலடியில் இருப்பாள், இரண்டு பேரும் மீனைப் பார்த்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். வீட்டில் அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான்.

கட்டிய நாளிலிருந்தே தொட்டியில் ஒழுக்கு. குழாய் நுழைகிற மூன்று இடத்திலும் கசிந்து, சுவரெல்லாம் ஓதம் ஏறி, அம்மாவுக்கு இருமல் கூடிவிட்டது. ஒழுக்கு நிற்காவிட்டால் தொட்டியை இடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

தண்ணீரை வடித்து, மீன்களை இரண்டு அண்டாவில் விட்டோம். நட்டு திருகும் பானாவைப் போட்டுக் கழற்றிப் பார்த்தால், எவனோ வெறும் நூலைச் சுற்றி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறான். அவனை ஏசிக்கொண்டே குழாயின் திருகுமரையைத் தேய்த்துத் துடைத்தேன். சணலைப் பிரித்து மரையில் சுற்றி, மேலே சபேதா பூசினேன். சபேதா என்பது ஈய வெள்ளை. எண்ணெயில் குழைத்து டப்பாவில் வரும், தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் சணலும் சபேதாவும் இல்லாமல் பிட்டர் வேலை கிடையாது. இணைப்புகளை முறுக்கி முடித்த பிறகு, தொட்டிக்கு உள்ளே இருந்த நட்டுகளைச் சுற்றியும் கட்டைவிரலால் தாராளமாக அப்பினேன். உள்ளே பூச வேண்டிய அவசியமே இல்லை. அது என் கெட்டிக்காரத்தனம்.

மீனுக்கு ஒன்றும் ஆகாதே என்று பாய் கேட்டார்.

"குடிக்கிற தண்ணி பைப்புக்கே இதத்தான் பூசறோம் பாய். மீனு இன்னா மனுஷன விட ஒசத்தியா?" என்றேன்.

பாய் சிரித்தார். அந்த அம்மாவும் சிரிக்கப் போய் இருமினார். தண்ணீர் நிரப்பினோம். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி ஆள் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். பதினோரு மீனும் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தன. தொட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் கிடந்தன. அந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பாய் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தாங்க ஐயா. நேத்து புதுச்சாமை சோறு ஆக்கினேன். வூட்ல இருக்கிற உசுரு எல்லாத்துக்கும் ஒரு வாய் வெச்சிட்டுதான் நாங்க துன்னுவோம். இதுங்களும் வூட்டு உசுருதானேன்னு ஒரு பிடி போட்டேன்."

மெட்ராஸிலிருந்து வரும் இரைத் தூளைத் தவிர மீனுக்கு எதையும் போடக் கூடாது என்று பாய் முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் கத்தவில்லை. சொன்னால் கேட்க மாட்டாயா என்று மட்டும் கேட்டார்.

நான் தொட்டிக்குள் கையை விட்டேன். அடியில் கிடந்த துணுக்கு ஒன்றை எடுத்து நசுக்கினேன். சாமைச் சோறு நசுக்கினால் மாவாகும். இது எண்ணெயாக இழுகியது. உள்பக்கத்து நட்டைப் பார்த்தேன். நான் அப்பியிருந்த சபேதா முழுக்கக் குட்டிக்குட்டியாகக் கொத்துத் தடங்கள். மீன்கள் அதை இரை என்று நினைத்துத் தின்றிருக்கின்றன. அவள் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, அதற்குமேல் இதையும் தின்றிருக்கின்றன.

"ஜாயிண்ட் எப்படி இருக்குப்பா?" என்று பின்னாலிருந்து பாய் கேட்டார்.

நட்டின் மேலிருந்த தடங்களைக் கட்டைவிரலால் வழித்துச் சமமாக்கினேன். பிறகு திரும்பி, "ஒரு சொட்டு இல்ல பாய்" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது. வெட்கம்கெட்டவன் நான். அவள் எல்லாப் பழியையும் எடுத்துக்கொண்டு நின்றாள், நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றேன். மதியம் அவள் ஒரு துணி மூட்டையோடு பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஜாயிண்டை இன்னும் ஒருமுறை இறுக்கிவிடுகிறேன் என்று சொல்லி, மறுவாரம் நான் சபேதாவை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பருத்தி நூலில் தேன்மெழுகைத் தேய்த்துச் சுற்றினேன். தொட்டியை மூன்று தடவை கழுவினேன். பாய் புது மீன்கள் வாங்கிவந்தார். அவை பிழைத்துக்கொண்டன.

மெழுகு தாங்குகிறதா என்று பார்க்கப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்வந்தேன். போகும்போதெல்லாம் அந்த அம்மா அவளைப் பற்றிக் கேட்பார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வேலையாகப் போவாயே, அவளைப் பார்த்தாயா, எனக்குக் கோபம் இல்லை, வரச் சொல்லு என்பார். சொல்கிறேன் அம்மா என்பேன். அந்தப் பக்கம் இரண்டு தடவை வேலையாகப் போனேன், அவள் அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போனேன். சொல்லவில்லை. அவள் வந்தால் பேச்சு மீனில் போய் நிற்கும், பேச்சு நீண்டால் என் பெயர் வெளியே வரும் என்று பயந்தேன்.

தை மாதக் குளிரில் அந்த அம்மா இறந்துபோனார். வாணியம்பாடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நாற்பது நாள் கழித்து வீட்டைப் பூட்ட பாய் வந்திருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கையிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றே? அதுங்கிட்டப் போய்ச் சொல்லு. வந்தா அந்தப் பின்னாடி ரூமு அதுக்குத்தான்னும் சொல்லு" என்றார்.

போனேன். அவள் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அண்ணிக்காரி எதையோ சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இறந்த சேதி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. நின்றபடியே சொன்னேன். சபேதாவைச் சொன்னேன், கட்டைவிரலால் வழித்ததைச் சொன்னேன், பாய் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளத் தயாராக இருப்பதைச் சொன்னேன். அவள் புளியை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் தள்ளிக்கொண்டே கேட்டாள். கடைசியாகத்தான் அம்மா கூப்பிட்டதைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அம்மா என்னக் கூப்ட்டாங்களா?"

"ம்."

"எத்தினி வாட்டிங்க?"

போன ஒவ்வொரு தடவையும் என்று சொன்னேன்.

"மீனுங்க என் கையால துன்னுதான் செத்துச்சுன்னு, அவங்க மூஞ்சியப் பாக்கக்கூட யோக்கியத இல்லன்னு வந்துட்டேங்க அண்ணா. ஒரு வாட்டியாச்சும் சொல்லியிருந்தீங்கன்னா, நடந்தே வந்திருப்பேனே."

பிறகு அவள் குனிந்து மறுபடி புளி தட்ட ஆரம்பித்தாள். நான் ஊருக்குத் திரும்பும் ஜீப்பு வரும்வரை அங்கேயே நின்றேன். அவள் நிமிரவில்லை.